போனும் கையுமாக ஒரு கடலைக்காட்டில்

பயிர்க் கணக்கு எடுக்கும் வேலைக்கு வேண்டிய முதல் தகுதி, மோர் தாங்குகிற வயிறு. விண்ணப்பத்தில் பட்டப்படிப்பு கேட்டார்கள், கம்ப்யூட்டர் சான்றிதழ் கேட்டார்கள், இதை மட்டும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து வடகரப்பதிப் பக்கம் நான் ஒப்பந்தத்தில் இருக்கிற கணக்கெடுப்புக்காரி. யார் காட்டில் என்ன விதைத்திருக்கிறது, எத்தனை சென்ட், கடைசியில் என்ன விளைந்தது என்று ஸ்கூட்டியில் அலைந்து பதிந்து வர வேண்டும். முன்பு இதற்கு நீளநீளமாகக் காகிதப் படிவங்கள் இருந்தன. மழை பெய்தால் ஊறிப்போகும். ஒருமுறை ஒரு வெள்ளாடு என்னுடைய ஒரு வார்டையே தின்றுவிட்டது. இப்போது செலவில்லாமல் வேலை நடக்குமா என்று சோதித்துப் பார்க்க, ஆபீசில் ஆளுக்கொரு மலிவு விலைப் போன், ஒரு பவர் பேங்க், மீன் கடையில் தொங்குமே அந்த மாதிரி ஒரு டிஜிட்டல் தராசு கொடுத்தார்கள். போனில் ஒரு ஆப். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்துகொள்ளும், சிக்னல் கிடைத்ததும் ஏற்றிவிட வேண்டும். நன்றி கெட்டுப் பேசக் கூடாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்கு விடவே விடாது. மீட்டர் ரீடிங் எடுப்பவர்களே, வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கிய வாத்தியார்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

நிலத்துக்கு முளைத்த வால்

நிலம் அளக்க இப்போது சங்கிலியும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். ஆப்பில் 'தொடங்கு' என்பதை அழுத்தி, போனைக் கையில் பிடித்தபடி வரப்போரமாக ஒரு சுற்று நடந்து வந்தால் போதும். நடந்த வழி கோடாக விழும், உள்ளே எத்தனை சென்ட் என்று அதுவே சொல்லும். நடுவில் நிற்கலாம், மூச்சு வாங்கலாம், ஆனால் வரப்பை விட்டு எங்கும் போகக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தந்தவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை.

முதல் வாரம் ஒரு சோளக்காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மூலையில் திரும்பும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் தாண்ட முடியாது. போனால் ஒரு சொம்பாவது குடிக்காமல் எழுந்திருக்க முடியாது. போனேன். சமையற்கட்டு வரை போய் மோர் குடித்தேன், மகளின் பிரசவம் எப்படி ஆயிற்று என்று கேட்டேன், கொட்டகையில் புதிதாகப் பிறந்த கன்றைப் பார்த்தேன், திரும்பி வந்து மிச்ச வரப்பையும் சுற்றி முடித்தேன். இத்தனைக்கும் போன் ஓடிக்கொண்டே இருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் மேற்பார்வையாளர் பிரேமன் சார் மலையாளி. தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதிக்குப் பாதி வரும். மறுநாள் கம்ப்யூட்டரில் என் சோளக்காட்டைத் திறந்தார். நேரான வரப்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி, பாதையைத் தாண்டி, ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கொல்லைப்புறத்தில் ஒரு சுழி சுழித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வரப்புக்கே திரும்பியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "எந்தா கோகிலா, இந்த நிலத்துக்கு வால் உண்டோ?"

முன்பே நிரம்பியிருந்த கட்டம்

ருக்குமணியக்காவின் கடலைக்காடு மேட்டுப்பாங்கான இரண்டு ஏக்கர். அக்கா என்றால் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கணவர் போனபிறகு அவருடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆறு வருடமாக அந்தக் காட்டில் பாடுபடுகிறார். நிலம் கோயமுத்தூரில் இருக்கிற வேலுச்சாமி என்பவருடையது. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டிருக்கிறார், வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், போனுக்கு மட்டும் தெரியாது.

சர்வே நம்பரைப் போட்டதும் 'விவசாயி பெயர்' என்ற கட்டம் பழைய நிலப் பதிவிலிருந்து தானாகவே நிரம்பிக்கொண்டது. வேலுச்சாமி. அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை. அடுத்த கட்டத்தில் போன் நம்பர் கேட்டது. வேலுச்சாமியைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, அதனால் அக்காவின் நம்பரைப் போட்டேன். கடைசியில் ஒரு படம் வேண்டும், போகத்துக்கு மூன்று தடவை. பயிர் எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அக்காவை நிற்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அடியில் 'குறிப்பு' என்று ஒரு காலிக் கட்டம் இருந்தது. நிரப்பாவிட்டாலும் விடுகிற ஒரே கட்டம் அதுதான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, இன்னும் நான்கு காடு பாக்கி. அதைத் தாண்டிவிட்டேன்.

விவசாயி என்று யார் பேர் வந்திருக்கிறது என்று அக்கா கேட்டார். சொன்னேன். ஆப் அப்படித்தான்கா, நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று சமாதானமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தலைத்துண்டைச் சரி செய்துகொண்டு, நான் காட்டிய இடத்தில் போய் நின்றார். "பேருக்கு அவருங்க, நிக்கறதுக்கு நானுங்களா அம்மிணி?"

கூட்டித் தெளித்த சதுரம்

விளைச்சல் எவ்வளவு என்று பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காட்டில் எந்த இடம் என்று நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூலையிலிருந்து நீளத்தில் இத்தனை அடி நட, அகலத்தில் இத்தனை அடி நட என்று போன் தன் மனம்போல ஒரு எண்ணைப் போடும். அங்கே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாக முளையடித்துக் கயிறு கட்டிவிட்டு வர வேண்டும். அறுவடையன்று அந்தச் சதுரத்தில் விளைந்ததை மட்டும் தனியாக அறுத்து நம் மீன்கடைத் தராசில் தொங்கவிட வேண்டும். விளைச்சல் குறைவாகத் தெரிந்தால் காப்பீட்டுக்கு நல்லது என்று சில ஊர்களில் இருப்பதிலேயே மோசமான இடத்துக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகப் பார்ப்பார்களாம். எங்கள் ஆறுச்சாமி அண்ணன் அந்த ரகம் இல்லை.

அவருடைய மக்காச்சோளக் காட்டில் போன் போட்ட எண், தண்ணீர் சரியாக ஏறாத மேட்டுமூலைக்கு என்னைக் கொண்டு போய் நிறுத்தியது. அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. வேறு எண் போடச் சொல்லக் கூடாதா என்று இரண்டு தடவை கேட்டார். முடியாது என்று முளையடித்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மேட்டுமூலை முழுக்கச் சருகாக நிற்கிறது, கயிற்றுக்குள் இருக்கிற சதுரம் மட்டும் கருகருவென்று ஆளுயரம். உள்ளே ஒரு புல் கிடையாது. தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியிருக்கிறார், எருவும் போட்டிருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். இந்தச் சதுரத்தை வைத்து ஊருக்கே விளைச்சல் போடுவார்கள், உங்களால் எல்லோருக்கும் கெடுதல் என்று கத்தினேன். சுற்றியிருக்கிற பயிரும் சதுரத்துப் பயிரும் ஒன்றுபோல் உள்ளனவா என்று ஆப் கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்று குத்தினேன். அண்ணன் குற்றம் செய்தவர் மாதிரியே நிற்கவில்லை. எனக்குத்தான் நல்லது கெட்டது தெரியவில்லை என்பதுபோல் பொறுமையாகச் சொன்னார். "ஆபீசருங்க பாக்கற எடமாச்சுங்களே. ஊட்டுக்கு விருந்தாடி வந்தா வாசலக் கூட்டித் தெளிக்க மாட்டமுங்களா?"

தொட்டி மேல் ஒருத்தி

பதிந்ததை எல்லாம் ஏற்ற சிக்னல் வேண்டும். எங்கள் பக்கத்துக் காடுகளில் சிக்னல் வரும், ஆனால் நின்று பேசாது. தேடித் தேடிக் கடைசியில் டீக்கடைக்கு எதிரே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தேன். சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் பாதி தூரம் ஏறிப் போனை உயர்த்திப் பிடித்தால் எல்லாம் ஒரே மூச்சில் ஏறிவிடும். ஏறிய கையோடு, அன்று நான் போன காட்டுக்காரர்களின் போனுக்கெல்லாம் ஆப் ஒரு நகல் அனுப்பும். படம், அடியில் நாளும் இடமும், ஒரு நன்றி. ஊரில் பாதிப் பேர் அதைக் காலை வணக்கப் பூங்கொத்தோடு சேர்த்து அழித்துவிடுவார்கள். ருக்குமணியக்காவின் போன் டீக்கடைக்கு அடுத்த வீட்டிலேயே 'டிங்' என்று அடிப்பது ஏணியில் நிற்கிற எனக்கே கேட்கும்.

ஒரு பெண்பிள்ளை தொட்டியில் தொங்குவதைப் பார்க்க முதல் நாள் கூட்டம் கூடியது. நாலைந்து வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது, நான் ஏறுவதே ஊருக்கு மணியடித்த மாதிரி. டீக்கடை மணியண்ணன் ஆற்றிக்கொண்டிருக்கிற டீயிலிருந்து கண்ணை எடுக்காமலே அறிவிப்பார். "அம்மிணி தொட்டி மேல ஏறியாச்சு, அவங்கவங்க போனப் பாத்துக்குங்க."

இரண்டு மாநிலத்து மாடுகள்

மீனாட்சிபுரத்துக்கு மாட்டுக் கணக்கு எடுக்கப் போனேன். பழனிச்சாமி அண்ணனின் வீடு கேரளத்தில் இருக்கிறது, பின்வாசலைத் தாண்டினால் அவருடைய புல்காடு தமிழ்நாட்டில். மாடு எங்கே நிற்கிறதோ அங்கே போய் நின்று எண்ண வேண்டும் என்பது ஆப்பின் கட்டளை. பின்வாசலைத் தாண்டிக் காலை வைத்தேன், 'நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்' என்று சிவப்பாக எரிந்தது. திரும்ப இந்தப் பக்கம் வந்தேன், அணைந்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பக்கம் வேலியோரம் என்னைப் போலவே ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அந்த மாநிலத்துக் கணக்கெடுப்புக்காரர். பார்த்த உடனே கூடப் பிறந்தவர்போல ஆகிவிட்டோம்.

நான் ஐந்து என்று எண்ணினேன், அவர் மூன்று என்று எண்ணினார். எட்டு மாடு, கணக்கு சரி என்று இருவரும் சந்தோஷப்படுவதற்குள் தண்ணீர்த் தாழியைப் பார்த்து இரண்டு மாடு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுபடி எண்ணினோம். அதற்குள் கறவை நேரம் என்று எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டன. அண்ணன் பால் வாளியை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி குடிக்கறது அங்க, பால் கறக்கறது இங்கங்க. எந்த ஊருன்னு மாட்டையே கேட்டு எழுதிக்குங்க."

சைபர் குழம்பு

ஆப் ஓட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று யாரோ கிளப்பிவிட, மூணாறுப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லித்தர என்னை இரண்டு வாரம் மேலே அனுப்பினார்கள். எஸ்டேட் ரோட்டில் ஜீப் குலுக்கிய குலுக்கலில் பவர் பேங்க் மட்டும்தான் சேதமில்லாமல் வந்தது. மேலே இன்னொரு தொல்லை. பனிமூட்டத்திலும் மரத்தடியிலும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போன் சுற்றிக்கொண்டே இருக்கும். சரி வந்துவிட்டது என்று தொட்டால் விரல் ஈரம், தொட்டது அதற்குத் தெரியாது. துப்பட்டா நுனியில் விரலைத் துடைத்துத் துடைத்துக் கேள்வி கேட்டேன்.

பேச்சியம்மாள் தேயிலை கிள்ளுகிறவர். லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், கொழுந்துச் சாக்கு அகலத்தில் இருக்கிற இடத்தில், வேலி மேல் பீன்ஸ் ஏற்றியிருந்தார். கிழிந்த உரச் சாக்குகளில் மண் நிரப்பி முட்டைக்கோஸ், கூரையோரம் இரண்டு வரி கேரட். பார்க்கவே ஆசையாக இருந்தது. நான் அக்கறையாகச் சுற்றி நடந்தேன், நாலு எட்டில் முடிந்துவிட்டது. ஒரு சென்ட்டுக்குக் கீழே இருப்பதை ஆப் ஏற்றுக்கொள்ளாது, பரப்பு சைபர், விளைச்சல் சைபர் என்று காட்டியது. அதை அப்படியே அவரிடம் வாசித்துக் காட்டியது என் முட்டாள்தனம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சைபரா? அப்ப நேத்து எம் புள்ளைகளுக்கு சைபரையா தாயி கொழம்பு வச்சுப் போட்டேன்?"

பட்டியலில் இல்லாதவர்

மேலேயிருந்து இறங்கி வந்த வாரம் எங்கள் பக்கம் மழை பிடித்தது. கடலை பிடுங்குகிற நேரத்து மழை. நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் ருக்குமணியக்கா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார், காய்க்குள்ளேயே முளைவிட்டிருந்தது. இரண்டு ஏக்கரும் அப்படித்தான். விற்க ஒன்றும் இல்லை என்பதுகூடப் பெரிதில்லை, அடுத்த போகத்துக்கு விதைக்கு ஒரு படி கடலை இல்லை. ஒரு போகம் விதை விழாவிட்டாலும் தென்னங்கன்று வைத்துவிடுகிறேன் என்று வேலுச்சாமி முன்பே சொல்லி வைத்திருந்தார். தென்னை வைத்துவிட்டால் அக்காவுக்கு அந்தக் காட்டில் வேலை இல்லை. ஆறு வருடம் கல் பொறுக்கிப் பதப்படுத்திய காடு.

மழையில் பயிர் போனவர்களுக்கு விதைக்கடலை தருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பட்டியல் ஒட்டியிருக்கிற இடத்துக்கு அக்காவோடு நானும் போனேன். சர்வே நம்பர் சரி, பரப்பு சரி, வால்கூட இல்லை. பெயர் வேலுச்சாமி. அந்தப் பட்டியல் வேறெங்கிருந்தும் வரவில்லை, என் போனிலிருந்து போனதுதான். விதை கொடுக்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கையில் இருக்கிற தாளைப் பார்த்துத்தானே கொடுப்பார்கள். அந்தக் 'குறிப்பு' கட்டம் என் கண் முன்னால் வந்து நின்றது. 'பாட்டத்துக்குப் பயிர் செய்பவர் ருக்குமணி' என்று அதில் நாலு வார்த்தை அடித்திருக்கலாம். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறேன். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

பிரேமன் சாரிடம் ஓடினேன். என் தப்புதான் சார், திருத்திக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஏற்றியதைத் திருத்த வழியில்லை, வருகிற திங்கட்கிழமை ஆட்சேபம் கேட்கிறார்கள், அங்கே ஏதாவது ரேகை கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். ரேகை என்றால் எழுத்தில் இருக்கிற ஆதாரம். வாய்ப்பேச்சுப் பாட்டத்துக்கு எழுத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவருக்கும் வருத்தம்தான், பேனாவை மூடி மூடித் திறந்தார். "ரேகை இல்லாதெ நான் எந்து செய்யும் கோகிலா? மண்ணு வந்து சாட்சி சொல்லுமோ?"

ஒன்பது படம்

திங்கட்கிழமை பஞ்சாயத்து ஹாலில் முப்பது பேர் இருந்தோம். விவசாய ஆபீசர் இளம் வயது மேடம், மலையாளத்தில் கேட்பதை நான் தமிழில் சொன்னேன். வேலுச்சாமியும் சலவைச் சட்டையில் வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பட்டியலில் தன் பெயர் இருக்கிறதே என்று வந்தவர். அக்காவின் முறை வந்தது. ஆதாரம் என்ன இருக்கிறது என்று மேடம் கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடி விரிசல் விட்ட போன்.

ஆப் அனுப்பிய நகல்கள். மூன்று போகத்துக்கு மூன்று மூன்றாக ஒன்பது படம், ஒவ்வொன்றின் அடியிலும் நாளும் இடமும். நானே மறந்துபோயிருந்தேன். முதல் படத்தில் கணுக்காலளவு கடலை, பக்கத்தில் அக்கா. அடுத்த போகத்தில் தட்டப்பயிறு, பக்கத்தில் அக்கா. அந்தப் போகத்திலேயே வரப்போரம் போட்ட மக்காச்சோளம் ஒரு படத்தில் ஆளை மூடிவிட்டது, துண்டைப் பிடித்து ஆட்டுகிற ஒரு கை மட்டும் தெரிகிறது, அந்தக் கையிலும் அதே முழுக்கைச் சட்டை. உயரம் தெரிவதற்காக நான் நிறுத்தி வைத்த ஆள், ஒன்பது படத்திலும் நிற்கிறார். விவசாயி என்று நான் பேர் போட்டவர் ஒன்றில்கூட இல்லை. மேடம் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, நடுப்போகத்தில் என்ன போட்டிருந்தீர்கள் என்று வேலுச்சாமியிடம் கேட்டார். அவர் பழக்கத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பழக்கத்தில், "தட்டப்பயிறுங்க" என்று அவருக்கு எடுத்துக் கொடுத்தார். ஹாலே சிரித்துவிட்டது. வேலுச்சாமியும் சிரித்தார். பாடுபடுகிறது அவங்கதானுங்க என்று அவரே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேடம் பட்டியலில் அந்த வரிக்கு நேராகப் பேனாவால் ருக்குமணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விதை மூட்டையை என் ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் திரும்பினோம். வழியில் வண்டியை ஓரங்கட்டி, அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்கா, எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். ஊரே அழித்துவிடுகிற படத்தை நீங்கள் மட்டும் எதற்குக்கா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "போனு ரொம்பிப்போச்சு, அழிச்சுப்போடும்மான்னு எம் மக சொல்லீட்டேதான் இருந்தாளுங்க. பேருதான் இல்ல, மூஞ்சியாவது இருந்துட்டுப் போகட்டும்னு வெச்சிருந்தனுங்க."

அதற்குப் பிறகு பிரேமன் சார் மேலிடத்துக்கு எழுதி எழுதி, ஆப்பின் புதுப் பதிப்பில் 'பயிர் செய்பவர்' என்று ஒரு கட்டம் வந்துவிட்டது. அது தானாக நிரம்பாது, நேரில் பார்த்துக் கேட்டு எழுத வேண்டும். அதில் நான் எழுதிய முதல் பெயர் ருக்குமணி. அன்று கடலை நன்றாக முளைத்து வரியாக நின்றது. படத்துக்கு நில்லுங்கக்கா என்றேன். பேருதான் வந்துருச்சல்லங்க, இன்னிக்கு நீங்க நில்லுங்க என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பத்தாவது படத்தில் கடலைச் செடிக்குப் பக்கத்தில் நிற்பது நான், தலை இல்லாமல், கையில் மோர்ச் சொம்போடு.

இத்தனை கேள்வி கேட்கிற அந்தப் போன், ஒரு ஏக்கருக்கு எத்தனை சொம்பு மோர் என்று மட்டும் இன்றுவரை என்னைக் கேட்டதில்லை.